பாக்கெட்டில் என்ன இருந்தது?

கள்ளக்குறிச்சி நகரின் நடுவில் இருக்கிறது கருணாபுரம். மூட்டை தூக்குகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்கள். 2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. வழக்கமாக விற்கும் இடத்தில், வழக்கமாக விற்கும் பாக்கெட் சாராயத்தைத்தான் வாங்கிக் குடித்தார்கள். அதன் பிறகு வயிறு எரிந்தது. வாந்தி, பேதி, தலைசுற்றல். பலருக்குக் கண் மங்கியது. மறுநாள் சாவுச் செய்தி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டது.

அந்த மறுநாள்தான் இந்தத் துயரத்தின் மிகக் கொடுமையான நாள். முதல் சில மரணங்கள் நிகழ்ந்த ஜூன் 19 அன்று, அப்போதைய மாவட்ட ஆட்சியர் செய்தியாளர்களிடம் பேசினார். சாராயம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை, வேறு உடல்நலக் கோளாறுகளால் இறந்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அதற்குள் துக்கம் விசாரிக்க உறவினர்கள் திரண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள். நிர்வாகம் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இவர்களையாவது தடுத்திருக்கலாம் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. தடய அறிவியல் சோதனையில் மெத்தனால் என்று தெரிந்தது. ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிந்தது. சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 200-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார்கள். 60-க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் உண்டு, ஒரு திருநங்கையும் உண்டு. ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாக அடுக்கிய சிதைகளுக்கு நடுவே மழையும் பெய்தது.

பாக்கெட்டில் இருந்தது என்ன என்று குடித்தவருக்குத் தெரியாது. விற்றவருக்கும் சரியாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மருத்துவமனைக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். அது எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு உயிர் மிஞ்சும்.

தாமதமாக வேலை செய்யும் விஷம்

மெத்தனால் ஆலைகளில் கரைப்பானாகவும் தின்னர் போன்ற பொருள்களிலும் புழங்கும் திரவம். நிறம் கிடையாது. சாராயத்தில் கலந்தால் வாசனையை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. போதையும் ஏறும். ஆகவே குடிக்கும்போது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

மெத்தனால் அப்படியே உடலில் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கல்லீரல் அதை உடைக்கும்போதுதான் வினை. முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. சில வகை எறும்புகளின் கடியில் சுருக்கென்று எரிய வைக்கும் அதே அமிலம். இது ரத்தத்தில் சேரச் சேர, உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் பசி அதிகமுள்ள இடங்கள் முதலில் சாகின்றன. கண் நரம்பு அதில் முதல் வரிசை. மூளையின் ஆழத்தில், நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் புட்டாமென் என்ற பகுதியும் அழுகி, சிலருக்கு அங்கே ரத்தக் கசிவும் ஏற்படுகிறது. மெத்தனாலில் பிழைத்த சிலர் பார்வை இல்லாமல் வீடு திரும்புவதற்கும், கை கால் நடுக்கத்தோடு வாழ்வதற்கும் காரணம் இதுதான்.

இதெல்லாம் நடக்க நேரம் பிடிக்கும். பொதுவாக 12 முதல் 24 மணி நேரம். மெத்தனாலோடு உண்மையான சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். காரணம், கல்லீரலில் இரண்டையும் உடைப்பது ஒரே நொதி. அது எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும், மெத்தனாலைக் காத்திருக்க வைக்கும். சிகிச்சையும் இதை வைத்துத்தான். அந்த நொதியை அடைக்கும் ஃபோமெபிசோல் ஊசியைப் போடுகிறார்கள். அது கிடைக்காத இடத்தில் மருத்துவ முறைப்படி அளந்து எத்தனாலையே கொடுக்கிறார்கள். கூடவே பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம். பிறகு டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள். அமிலம் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டவருக்கு இவ்வளவும் பலிக்கும். கண் இருண்டு, மூச்சு வாங்கும் நிலையில் வருகிறவருக்குப் பாதிதான் பலிக்கும்.

‘நேற்றுக் குடித்தேன், இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் அவரைக் காப்பாற்றுவதற்கான நேரம். ஜூன் 19 அன்று கருணாபுரத்தில் பலருக்கும் வீணாய்ப் போனது அந்த நேரம்.

எலி மருந்து கலந்த போதை

போதைக்காக வாங்கிய பொட்டலத்தில் வேறொரு விஷம் ஒளிந்திருந்த சம்பவம், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்தது. 2018 மார்ச் மாதம். இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவிலும் பியோரியா பகுதியிலும் இளைஞர்கள் விசித்திரமான தொல்லைகளோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. பல் துலக்கினால் ஈறு வழிகிறது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது. விலா ஓரம் தாங்க முடியாத வலி. அடிபடாமலேயே உடம்பெங்கும் கன்றிப்போன தடயங்கள். பெண்களுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு அளவு மீறியது.

எல்லாரையும் இணைத்த ஒரே விஷயம், கடைகளில் ‘கே2’, ‘ஸ்பைஸ்’ என்ற பெயர்களில் விற்ற செயற்கைக் கஞ்சா. உலர்ந்த இலைத் தூளின் மேல் ஆய்வகத்தில் செய்த போதை ரசாயனத்தைத் தெளித்து, பளபளப்பான உறையில் அடைத்து விற்பது. அந்தத் தூளில் ப்ரோடிஃபாகூம் என்ற எலி மருந்து கலந்திருந்தது. இல்லினாயில் மட்டும் 150-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 4 பேர் இறந்தார்கள். பியோரியாவில் ஒரே மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 34 பேரைப் பற்றிய ஆய்வு அந்த ஆண்டே மருத்துவ இதழில் வெளியானது. 2021-ல் இஸ்ரேலிலும் ஃப்ளோரிடாவின் டாம்பா பகுதியிலும் இதே கதை மறுபடி நடந்தது. ஏன் கலந்தார்கள் என்பதற்கு விசாரணையில் உறுதியான விடை கிடைக்கவில்லை. எலி மருந்து கல்லீரலின் வேலையைத் தடுத்துப் போதையை நீட்டிக்கும் என்ற கணக்கில் கலந்திருக்கலாம் என்பது மருத்துவர்கள் முன்வைக்கும் ஊகம்.

ரத்தம் உறைவதற்குக் கல்லீரல் தயாரிக்கும் பல புரதங்கள் தேவை. அவற்றில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கும் வைட்டமின் கே இல்லாமல் வேலைக்கு ஆகாது. உடலில் இந்த வைட்டமின் இருப்பு மிகக் குறைவு. ஆகவே ஒருமுறை பயன்பட்டதையே ஒரு நொதி திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொடுக்கிறது. அந்த நொதியைத்தான் இந்த எலி மருந்து முடக்குகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் புரதங்கள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூக்கில் முதல் சொட்டு விழும். அதற்குள் என்ன புகைத்தோம், எந்தப் பொட்டலம், யாரிடம் வாங்கினோம் என்பதெல்லாம் நினைவிலிருந்து நழுவியிருக்கும்.

இந்த மருந்தின் பூர்வீகம் மாட்டுத் தொழுவம். 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த பசுவோடும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனோடும் பனிப்புயலில் பயணம் செய்து பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு பல ஆண்டு உழைத்து அந்தத் தீவனத்திலிருந்து டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1950-களில் அதுவே மனிதர்களுக்கு, ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆனது. நம்மூரில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் தினமும் விழுங்குவது இந்தக் குடும்பத்து மாத்திரையைத்தான். ‘ஐ.என்.ஆர். பார்த்தாயா?’ என்று அவர்கள் வீட்டில் கேட்பதும் இதற்காகத்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் இந்த அளவு சாதாரணமாக ஒருவருக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். இல்லினாய் நோயாளிகள் சிலருக்கு அது கருவி அளக்கும் எல்லையையே தாண்டிவிட்டது.

வார்ஃபரினுக்கு எலிகள் பழகிவிட்டபோது வந்த வீரியமான தலைமுறைதான் ப்ரோடிஃபாகூமும் ப்ரோமடியோலோனும். பின்னது நம் உரக்கடைகளிலும் எலிக்கட்டியாகக் கிடைப்பது. வார்ஃபரின் சில நாள்களில் உடலை விட்டுப் போய்விடும். இவை கல்லீரலிலும் கொழுப்பிலும் படிந்து வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தங்கும். மாற்று மருந்து வைட்டமின் கே1, நரம்பு வழியாகத் தொடங்கி, பிறகு மாத்திரையாக, அதிக அளவில், பல மாதங்கள். ரத்தப்போக்கு கடுமையாக இருந்தால் பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டும். சரியாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியவர்கள் மறுபடி ரத்தம் கசிந்து திரும்பி வந்தார்கள். மாதக் கணக்கில் மாத்திரை வாங்கும் வசதி இல்லாதவர்களுக்காக, ஒரு மருந்து நிறுவனம் நன்கொடையாகத் தந்த லட்சக்கணக்கான வைட்டமின் கே மாத்திரைகளை இல்லினாய் அரசு இலவசமாக வழங்கியது.

கண்ணாடிக் குழாயும் ஒரு கேள்வியும்

இப்படி ஒரு இளைஞர் கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை அடிவாரத்து மருத்துவமனைக்கு வந்தால் என்ன நடக்கும்? ஈறில் ரத்தம் என்றதும் மருத்துவர் முதலில் நினைப்பது கண்ணாடி விரியனை. கரும்புக்காட்டிலும் மரவள்ளித் தோட்டத்திலும் பாம்புக்கடி சாதாரணமாக நடக்கும் ஊர். அடுத்து டெங்கு. இரண்டும் நியாயமான சந்தேகங்கள்தான்.

பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் செய்யும் சோதனை மிக எளிமையானது. சுத்தமான, ஈரமில்லாத, புதிய கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் 2 மி.லி. எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தப்பான முடிவைக் காட்டும் என்பதால் செவிலியர்கள் இதில் கறாராக இருப்பார்கள். ஆனால் ரத்தம் ஏன் உறையவில்லை என்பதைக் குழாய் சொல்லாது. விரியன் விஷத்துக்குப் பாம்பு விஷமுறிவு மருந்து வேண்டும், எலி மருந்துக்கு வைட்டமின் கே வேண்டும். ஒன்றுக்கு மற்றது உதவாது. பி.டி. (ரத்தம் உறையும் நேரம்), ஐ.என்.ஆர்., ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதத்தின் அளவு, தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும்.

எலி மருந்திலும் வகை உண்டு. தமிழ்நாட்டில் அதிக உயிர் குடித்தது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். அது கல்லீரலையே அழிப்பதால், உறைவுப் புரதங்களைத் தயாரிக்க ஆளே இல்லாமல் ரத்தம் கசியும். வெறும் வைட்டமின் கே அங்கே போதாது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பிளாஸ்மா மாற்று சிகிச்சை செய்து பலரை மீட்டிருக்கிறார்கள். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்தது மிக நல்ல முடிவு.

இத்தனை சோதனைகளையும் சுருக்கிவிடக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. ‘தம்பி, என்ன சாப்பிட்ட, என்ன இழுத்த?’ அதற்கு உண்மையான பதில் வந்தால் போதும். வராமல் போவதுதான் நம் பிரச்சினை.

காரணம் பயம். எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு) போட்டுவிடுவார்கள், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், வேலை போகும், வீட்டுக்குத் தெரியும். கள்ளச்சாராயம் குடிப்பதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், வாந்தி எடுத்துக்கொண்டே ‘பிரியாணி சேரலைங்க’ என்று சொல்லத்தான் தோன்றும். போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 1985-ம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்குக்கு ஆளான போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் எழுதி வைக்க வேண்டிய பிரிவு இது.

இல்லினாய் சுகாதாரத் துறை செய்தது நமக்குப் பாடம். மார்ச் மாதத்துக்குள்ளேயே எண்ணிக்கையைப் பகிரங்கமாக அறிவித்தது, எந்தெந்த ஊர் என்றும் சொன்னது. புகைத்தவர்கள் ரத்தம் கசிந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றது. அங்கே சட்டவிரோதப் போதை விற்றவர்கள் மீது கைது நடவடிக்கையும் தனியாக நடந்தது. ஒன்று நடப்பதற்காக மற்றொன்றைத் தள்ளிப்போடவில்லை. கருணாபுரத்தில் முதல் அறிவிப்பு ‘சாராயம்தான் என்று உறுதியாகவில்லை’ என்பது. அதைச் சொன்னவர் ஒருவர் என்றாலும், அப்படிச் சொல்ல வைப்பது ‘நம் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் ஒழிந்துவிட்டது’ என்று மேலே அறிக்கை அனுப்பிப் பழகிப்போன நிர்வாகம். காவல் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பாக்கெட் விற்ற ஊர் அது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. குவார்ட்டர் 2024-ல் 140 ரூபாய்க்குக் கீழே கிடைக்கவில்லை. பாக்கெட் விலை அதில் பாதிகூட இல்லை, விடியற்காலையிலேயே கிடைத்தது. உடம்பு வலியோடு வேலைக்குக் கிளம்பும் ஒருவர் எதை வாங்குவார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாத ரகசியம் அல்ல.

முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு சித்தாமூர் பக்கத்திலும் மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2001-ல் பண்ருட்டியில் கள்ளச்சாராயத்துக்கு 50 பேருக்கு மேல் பலி. அதே வட்டாரம், அதே மாதிரிச் சாவு.

பழி மலைக்கு, விஷம் ஆலையிலிருந்து

சாவு கருணாபுரத்தில் விழுந்தாலும் போலீஸ் வண்டிகள் ஏறியது கல்வராயன் மலைக்கும்தான். மலையில் சாராயம் காய்ச்சும் பழக்கம் உண்மையானது, பழையது. வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பேரல்களில் ஊறல் போடுவார்கள். ஓடைக்கரையில் அடுப்பு மூட்டி வடிப்பார்கள். இப்போதும் ‘இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஆனால் ஜூன் 18 அன்று கொன்றது வெல்ல ஊறல் இல்லை. சமவெளியின் ரசாயனச் சந்தையிலிருந்து டிரம்மில் வந்த மெத்தனால். மலைமக்கள் அத்தனை பேரையும் காய்ச்சுகிறவர்களாகப் பார்க்கும் பார்வை அந்த டிரம்மைத்தான் மறைக்கிறது.

வெள்ளிமலையையும் கரியாலூரையும் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு அரசாங்கமே தாமதமாக வந்த ஒன்று. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என மூன்று ஜாகிர்களின் (பரம்பரை நில ஆட்சியாளர்களின்) ஆட்சி இந்த மலையில் 1976 வரை நீடித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வில், கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என எல்லாமே கேள்விக்கு வந்தன. காக்கி உடையை மட்டும் அடிக்கடி பார்த்த ஊரில் ஒருவர் வெள்ளைக் கோட்டிடம் உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது கடினம். மலையில் மருத்துவமனை வேண்டும் என்று கேட்பது கட்டடத்துக்காக மட்டும் இல்லை. அங்கே பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒரு செவிலியர் இருந்தால் அவரிடம்தான் ‘நேத்து ஒண்ணு குடிச்சேன்க்கா, கண்ணு ஒரு மாதிரியா இருக்கு’ என்று ஒருவர் வாய் திறப்பார்.

அரசு சில காரியங்கள் செய்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், வைப்புத்தொகை 5 லட்சம், படிப்புச் செலவு. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஜூன் 29 அன்று சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதை எதிர்த்துத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது, அங்கே மனு தள்ளுபடியானது.

தண்டனை கூடட்டும். விற்றவருக்கும் கண்டும் காணாமல் இருந்தவருக்கும் அது வேண்டும். ஆனால் ஆயுள் தண்டனைக்கு அஞ்சும் வியாபாரி, அடுத்த முறை சாவு விழுந்ததும் சரக்கை எங்கே கொட்டுவது என்றுதான் பார்ப்பான், யார் யாருக்கு விற்றேன் என்று சொல்ல வர மாட்டான். அந்தப் பட்டியலைத் தரக்கூடியவர்கள் குடித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். அவர்கள் பயமில்லாமல் பேசும் ஏற்பாடு சட்டத் திருத்தத்தில் இல்லை. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் ஒரே மாதிரி அறிகுறியோடு வந்தால் அன்றைக்கே மாவட்டம் முழுக்க எச்சரிக்கை போக வேண்டும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ‘சந்தேகம்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு ‘இல்லை’ என்று திருத்திக்கொள்வதால் எந்த உயிரும் போகப்போவதில்லை.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. குடித்த பிறகு, அல்லது மறுநாள், வயிறு எரிந்தாலோ, கண்முன் பனி படர்ந்தாற்போல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். எதையாவது புகைத்தவருக்கோ மாத்திரை போட்டவருக்கோ மூக்கு, ஈறு, சிறுநீரில் ரத்தம் வந்தால் அதேபோல. என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பாக்கெட்டோ உறையோ மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள், அதைச் சோதித்தால் மற்றவர்களுக்கும் வழி பிறக்கும். போதையிலிருந்து மீள நினைப்பவர்களுக்குத் தேசிய உதவி எண் 14446. பாதிக்கப்பட்டவரோடு சேர்ந்து அதே சரக்கைக் குடித்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.